வாய்விட்டுச் சொல்லுங்கள்

(கீழ்பென்னாத்தூரில் ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில், சிறப்பாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருக்குறளில் 133 அதிகாரங்கள். அவற்றுள் ஒரே ஒரு தலைப்பு மட்டும் இரண்டு முறை வருகிறது. குறிப்பறிதல். பொருட்பாலில் 71ஆவது அதிகாரம், அரசனிடம் வேலை பார்ப்பவருக்கு. காமத்துப்பாலில் 110ஆவது அதிகாரம், காதலருக்கு. வேலையானாலும் அன்பானாலும், எதிரே இருப்பவர் வாய் திறப்பதற்கு முன்பே முகத்தையும் கண்ணையும் பார்த்து உள்ளத்தை அறிந்துகொள்ள வேண்டும் என்று வள்ளுவர் எதிர்பார்க்கிறார். அறிய முடியாதவருக்கு அங்கே மதிப்பு மிகக் குறைவு.

இன்றைக்கும் நம் வீடுகளில் அதுதானே நடக்கிறது? "எம் மூஞ்சியப் பாத்தா தெரியலையா?" என்று கேட்காத அம்மா உண்டா? "இதெல்லாம் கூடவா வாய்விட்டுச் சொல்லணும்?" என்று கேட்காத மனைவி உண்டா? பந்தியில் உட்கார்ந்தவர் "போதும் போதும்" என்கிறார். எந்தப் 'போதும்' உண்மையான போதும், எந்தப் 'போதும்' இன்னொரு கரண்டி வை என்பது பரிமாறுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெண் பார்த்துவிட்டு "போய்த் தகவல் சொல்றோம்" என்று எழுந்தால், வருவார்களா மாட்டார்களா என்பதை அவர்கள் செருப்பு மாட்டுவதற்குள் பெண்வீட்டார் கண்டுபிடித்துவிட வேண்டும்.

இப்படிப்பட்ட ஊரில், முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் உள்ளம் விளங்காத ஒருவர் பிறந்து, வளர்ந்து, நாற்பது வயதாகி, சம்பாதித்துக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தால் அவர் வாழ்க்கை எப்படி இருக்கும்? அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவர்களில் பலருக்கு இருப்பது ஆட்டிசம். அந்தப் பெயரைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவது குழந்தைகள். பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்று திருவண்ணாமலை பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். நல்லது, ஓடத்தான் வேண்டும். ஆனால் குழந்தை வளர்கிறது, மீசை முளைக்கிறது, ஆட்டிசம் மட்டும் கூடவே இருக்கிறது. 2021ஆம் ஆண்டுக் கணக்காக உலக சுகாதார நிறுவனம் சொல்வது, 127 பேரில் ஒருவர். ஐயாயிரம் பேர் உள்ள ஊராட்சியில் ஏறத்தாழ நாற்பது பேர் இருக்க வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் வளர்ந்தவர்கள். அவர்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் இந்தப் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. ஊர் தானாக ஒரு பெயர் வைத்துவிட்டது. 'ஒரு மாதிரி ஆளு.' 'சூதுவாது தெரியாதவன்.' 'பொழைக்கத் தெரியாதவன்.' 'திமிர் புடிச்சவ.' கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் பெண்களுக்கு. சிரிக்க வேண்டிய இடத்தில் ஒரு ஆண் சிரிக்காவிட்டால் அவன் அப்பாவி, பெண் சிரிக்காவிட்டால் அவள் திமிர்க்காரி.

1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து இந்தத் துறையின் வரலாறு தொடங்குகிறது. அதையெல்லாம் விரிக்க நேரமில்லை. வளர்ந்தவர்களின் முகமறியும் திறனை அளக்க முயன்ற ஒரு சோதனையை மட்டும் சொல்கிறேன். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சைமன் பாரன்-கோஹனும் உடன் பணியாற்றியவர்களும் 2001இல் திருத்தி வெளியிட்டது. 36 புகைப்படங்கள். ஒவ்வொன்றிலும் கண்களும் புருவமும் உள்ள பகுதி மட்டும்தான் தெரியும். சுற்றிலும் நான்கு சொற்கள். இந்தக் கண்களுக்குரியவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கினார்கள். உலகம் முழுவதும் இந்தச் சோதனை பரவியது, 'இவர்களுக்குப் பிறர் மனம் தெரியாது' என்ற பேச்சும் அதோடு பரவியது.

நம் ஊர்க்காரர் ஒருவருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிஃபோர்னியாவில் பேராசிரியரான விளையனூர் ராமச்சந்திரன். இத்தாலியின் பார்மா நகரில், ஒரு குரங்கு தானே ஒன்றை எடுக்கும்போதும், வேறொருவர் எடுப்பதைப் பார்க்கும்போதும் ஒரே நரம்பணு இயங்குவதைக் கண்டுபிடித்திருந்தார்கள். பிறர் செய்வதைத் தனக்குள் பிரதிபலிப்பதால் அதற்குக் கண்ணாடி நரம்பணு என்று பெயர். ராமச்சந்திரனின் குழு 2005இல் ஆட்டிசம் உள்ள பத்துப் பேரின் மூளை அலைகளைப் பதிவு செய்து, இவர்களிடம் அந்தக் கண்ணாடி உடைந்திருக்கிறது என்றது. கேட்பதற்கு எவ்வளவு அழகான விளக்கம்! பத்திரிகைகளெல்லாம் எழுதின. ஆனால் மற்ற ஆய்வுக்கூடங்கள் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த முடிவு உறுதியாக நிற்கவில்லை. இந்தத் துறைக்குள் ஒரு பெரிய வாசலைத் திறந்துவிட்டவர் என்ற முறையில் ராமச்சந்திரன் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. உடைந்த கண்ணாடி என்ற சொல்லை மட்டும் நாம் கீழே வைத்துவிடலாம். ஒரு மனிதரை உடைந்தது என்று சொல்வதற்குப் பத்துப் பேரின் மூளை அலை போதாது.

சரி, உண்மையில் அவர்களுக்கு என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை? 2013இல் 48 ஆய்வுகளைத் திரட்டி ஒன்றாகக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். வேறுபாடு இருக்கிறது, ஆனால் பேசப்பட்ட அளவுக்குப் பெரிதல்ல. மகிழ்ச்சியை அறிவதில் அநேகமாக வேறுபாடே இல்லை. அச்சத்தை அறிவதில்தான் சிரமம் கூடுகிறது. ஏன் அச்சம்? சிரிப்பு வாயில் தெரியும், அச்சம் கண்ணில்தான் அதிகம் தெரியும். ஆட்டிசம் உள்ளவர்களில் பலர் கண்ணைப் பார்ப்பதில்லை.

அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2002இல் ஆமி கிளின் என்பவரின் குழு, ஒரு பழைய கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படத்தை இளைஞர்களுக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் விழி திரையில் எங்கே நிற்கிறது என்று கருவி வைத்துப் பதிவு செய்தது. ஆட்டிசம் இல்லாதவர்கள் பாத்திரங்களின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் வாயையும், உடம்பையும், அறையில் இருந்த பொருள்களையும் பார்த்தார்கள். இதோடு நிறுத்திவிட்டுத்தான் பலர் இந்த ஆய்வை எடுத்துச் சொல்கிறார்கள். அதில் இன்னொரு செய்தி இருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்களுக்குள்ளேயே, பொருள்களைப் பார்த்தவர்களைவிட வாயைப் பார்த்தவர்கள் அன்றாட வாழ்க்கையில் மனிதர்களோடு நன்றாகப் பழகக்கூடியவர்களாக இருந்தார்கள். வாயிலிருந்துதானே சொல் வருகிறது! கண்ணால் கிடைக்காததை அவர்கள் சொல்லால் தேடிக்கொண்டிருந்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

இந்த இடத்தில் ஆசிரியர்களிடமும் பெற்றோர்களிடமும் ஒரு வேண்டுகோள். "என் கண்ணப் பாத்துப் பேசு" என்று முகவாயைப் பிடித்துத் திருப்புகிறோமே, அதை விட்டுவிடுங்கள். கண்ணுக்கு நேராகப் பார்வையை நிறுத்தச் செய்து, 2017இல் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். ஆபத்து வந்தால் விழித்துக்கொள்ளும் உட்பகுதிகள் ஆட்டிசம் உள்ளவர்களிடம் அளவுக்கு மீறி இயங்கின. எதிரே இருப்பவர் மேல் அக்கறை இல்லாததால் பார்வை விலகுவதில்லை. அந்தக் கண் அவர்களைச் சுடுகிறது. பெரியவர்கள் முன்னால் கண்ணைத் தாழ்த்து என்று ஒரு பக்கம் சொல்லிக்கொடுத்துவிட்டு, மறுபக்கம் கண்ணைப் பார் என்று ஒரு பிள்ளையை அதட்டுவதில் என்ன நியாயம் இருக்கிறது?

கண்ணை விட்டுவிட்டால் வேறு எப்படி அறிகிறார்கள்? எனக்குத் தெரிந்த ஒருவர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில், ஊர் வழக்கில் நெல் கமிட்டியில், எடை எழுதும் வேலையில் இருக்கிறார். வயது நாற்பதை ஒட்டி. மூட்டைக் கணக்கு, ஈரப்பதம், விலை எல்லாம் நாக்கு நுனியில். அவருடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களை ஒரு நாள் என்னிடம் காட்டினார். பென்சிலில் கட்டம் போட்டு எழுதியிருந்தது: 'மேனேஜர். கண்ணாடியைக் கழட்டி மேசை மேல் வைத்தால் கோபம். கழட்டித் துடைத்தால் கோபம் இல்லை. பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினால் அவசரம். பேச்சு மெதுவானால் ரொம்பக் கோபம்.' கீழே மனைவிக்கு ஒரு பக்கம். 'பாத்திரம் வைக்கிற சத்தம் கூடினால் கேட்க வேண்டும். என்ன என்று கேட்டு, ஒண்ணுமில்லை என்றால், இன்னொரு தரம் கேட்க வேண்டும்.'

தாய்மார்களே, இந்த நோட்டை நினைத்துப் பாருங்கள். மனைவி மேல் அன்பில்லாத மனிதர் செய்கிற வேலையா இது? நமக்கு ஒரு நொடியில் தானாக வந்துவிடும் அறிவை, இவர் ஆண்டுக்கணக்காகக் கவனித்து, விதி விதியாக எழுதிச் சேர்த்திருக்கிறார்.

ஆய்வுகளும் இதைக் காட்டுகின்றன. ரதர்ஃபோர்டு, மெக்கின்டாஷ் என்ற இருவர் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முகபாவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மிகையாக்கிப் படங்களாக வைத்து, எது இயல்பான முகம் என்று கேட்டார்கள். ஆட்டிசம் இல்லாதவர்கள் மிகையான முகத்தை உடனே தள்ளிவிட்டார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் நன்றாக மிகையான முகத்தையும் இயல்பு என்று ஏற்றுக்கொண்டார்கள். வாய்க்கோடி கீழே இறங்கினால் துயரம் என்று விதி வைத்துப் படிப்பவருக்கு, எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு தெளிவு.

இதைப் படித்தபோது எனக்கு நம் தெருக்கூத்துதான் நினைவுக்கு வந்தது. நம் பக்கத்தில் திரௌபதியம்மன் கோயில் அக்னி வசந்தத்துக்கு விடிய விடியப் பாரதக் கூத்து நடக்கிறது. வேஷக்காரர் சட்டென்று மேடைக்கு வந்துவிடுவதில்லை. திரைக்குப் பின்னால் நின்று, தான் இன்னார், இன்ன காரணத்துக்காக வருகிறேன் என்று பாடுகிறார். கட்டியங்காரன் கேள்வி கேட்டு அதை இன்னொரு முறை வாயால் வரவழைக்கிறான். துரியோதனனின் கோபம் முகத்து வண்ணத்தில் இருக்கிறது, புஜக்கட்டையில் இருக்கிறது, அடவில் இருக்கிறது, பாட்டிலும் இருக்கிறது. கடைசி வரிசையில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கும் ஐயம் வராது. நான் சொன்ன அந்த நெல் கமிட்டிக்காரர் ஒரு கூத்தையும் விடமாட்டார். காரணம் கேட்டேன். "கூத்துல யாரு, என்னா கோவம், யாரு மேல கோவம்னு எல்லாம் சொல்லிட்டுதான் டீச்சர் வராங்க. வூட்லதான் யாரும் சொல்றதில்ல" என்றார்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை ஆசிரிய நண்பர்கள் பாடமாக நடத்தியிருப்பீர்கள். மெய்ப்பாடுகள் எட்டு என்று வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன் சொல்கிறார் தொல்காப்பியர். பால் எக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் பப்புவா நியூ கினி வரை போய், முகத்தில் தெரியும் அடிப்படை உணர்ச்சிகள் ஆறு என்று பட்டியலிட்டார். தொல்காப்பியருடைய பட்டியல் ஒரு வகையில் அதைவிட நுட்பமானது. அழுகை என்று சொல்லி நிறுத்தாமல், இகழப்பட்ட அழுகையா, இழந்த அழுகையா, நிலை தாழ்ந்த அழுகையா, வறுமை அழுகையா என்று கேட்கிறது. இகழப்பட்டவர் முகமும் இழந்தவர் முகமும் பார்ப்பதற்கு ஒன்றாகவே இருக்கலாம். என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் பிரிக்க முடியும். மெய்ப்பாடு என்பதற்கே உரையாசிரியர்கள், உள்ளே நிகழ்வது வெளியே இருப்பவருக்குப் புலப்படுமாறு வெளிப்படுதல் என்றுதான் விளக்கம் சொல்கிறார்கள். வெளிப்படுத்த ஒருவர் வேண்டும், காண ஒருவர் வேண்டும்.

அப்படியானால், நாம் இவர்கள் முகத்தைச் சரியாகக் காண்கிறோமா? இந்தக் கேள்வியைக் கேட்க ஆய்வுலகத்துக்கு வெகு காலம் பிடித்தது. ஆட்டிசம் உள்ளவரும் ஆய்வாளருமான டேமியன் மில்டன் 2012இல் எழுதினார்: புரிந்துகொள்ளாமை இரு தரப்பிலும் இருக்கிறது, பழி மட்டும் ஒரு தரப்பில் விழுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். 2016இல் ஆட்டிசம் உள்ளவர்களின் முகபாவங்களைப் படமெடுத்துப் பிறருக்குக் காட்டினார்கள். மற்றவர்களின் முகத்தைக் கண்டுபிடித்த அளவுக்கு அவற்றை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆட்டிசம் உள்ள பிறராலும் முடியவில்லை. ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு முகபாவம் வைத்திருக்கிறார், பொது அகராதியில் அது இல்லை.

இதன் விலை என்னவென்று சாவு வீட்டில் பார்த்திருக்கிறேன். தாய் இறந்து கிடக்கிறாள். மகன் நாற்காலி எடுத்துப் போடுகிறான், பந்தல்காரனிடம் கணக்குப் பேசுகிறான், வருகிறவர்களுக்குத் தண்ணீர் கேன் எங்கே என்று காட்டுகிறான். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. திண்ணையில் இருந்தவர்கள் அவன் காதில் விழும்படியே, "கல்லு நெஞ்சுக்காரன், பெத்தவ செத்ததுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வருதா பாரு" என்றார்கள். அந்த மகன் பிறகு பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தாயின் மாத்திரை டப்பாவை, கிழமை எழுதிய அந்த பிளாஸ்டிக் டப்பாவை, சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். துக்கம் இருந்த இடம் அது. நாம் முகத்தில் தேடினோம்.

இன்னொரு நுட்பமான செய்தியையும் சொல்ல வேண்டும். தனக்குள் நிகழும் உணர்ச்சி எது என்று தனக்கே பெயர் சொல்லத் தெரியாத ஒரு நிலை உண்டு. நெஞ்சு படபடக்கிறது, வயிறு பிசைகிறது. கோபமா, பயமா, பசியா என்று புலப்படாது. மருத்துவத்தில் அலெக்சிதைமியா என்பார்கள். ஆட்டிசம் இல்லாதவர்களிலும் சிலருக்கு இது உண்டு; ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு உண்டு. ரிச்சர்ட் குக், ஜெஃப்ரி பேர்ட் முதலானோர் 2013இல் இந்த இரண்டையும் பிரித்து அளந்தபோது, முகத்தைக் கண்டறிவதில் உள்ள தடுமாற்றம் ஆட்டிசத்தோடு சேராமல் அலெக்சிதைமியாவோடு சேர்ந்து நின்றது. பல ஆண்டுகளாக ஆட்டிசத்தின் மேல் எழுதிவந்த கணக்கில் பெரும்பகுதி வேறொன்றின் கணக்கு. பெரும்பகுதிதான், முழுவதும் அல்ல. 2022இல் பர்மிங்ஹாமில் அசையும் முகங்களை வைத்துச் சோதித்தபோது, கோபத்தை அறிவதில் மட்டும் ஆட்டிசத்துக்கென்று தனியாக ஒரு வேறுபாடு எஞ்சி நின்றது.

பெற்றோருக்கு இதில் ஒரு வழி இருக்கிறது. பிள்ளைக்குப் பிறர் முகத்தைக் காட்டி "இது என்ன உணர்ச்சி?" என்று அட்டை வைத்துக் கேட்பதற்கு முன்னால், அவன் உடம்பில் நடப்பதற்குப் பெயர் சொல்லிக்கொடுங்கள். "உன் கை நடுங்குது, மூச்சு வேகமா வருது, அந்த நாய் குரைச்சதுல நீ பயந்துட்ட." தன் பயத்துக்குப் பெயர் தெரிந்தவனுக்குப் பிறர் பயமும் மெல்ல மெல்லத் தெரியவரும் என்பது என் வகுப்பறை அனுபவம்.

சட்டத்தில் இவர்களுக்கு இடம் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக ஆட்டிசத்தைச் சேர்த்திருக்கிறது. சான்றிதழுக்கு இந்தியாவிலேயே உருவாக்கிய அளவுகோல் இருக்கிறது, 40 கேள்விகள், 70 மதிப்பெண்ணுக்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை. முதல் கேள்வியே கண்ணோடு கண் பார்ப்பது பற்றித்தான். பதினெட்டு வயது தாண்டிவிட்டது, இனி எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். அரசு வேலையில் இவர்களையும் சேர்த்து ஒதுக்கீடு இருக்கிறது.

ஆனால் சான்றிதழ் வாங்காமலே, நாளைக் காலையிலிருந்து நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சொல்லைக் கொண்டு சொல்வது. 2025இல் எடின்பரோவை மையமாகக் கொண்ட ஒரு குழு, முந்நூறு பேருக்கு மேல் வைத்து, ஒருவரிடம் சொன்ன செய்தியை அடுத்தவருக்குக் கடத்தச் செய்தது. ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும், இல்லாதவர்கள் மட்டும், இருவரும் கலந்து என மூன்று வகை வரிசைகள். மூன்றிலும் செய்தி ஒரே அளவில்தான் போய்ச் சேர்ந்தது. சொல்லில் தடை இல்லை.

ஆகவே கணவரிடம், "எனக்கு இன்னிக்கு மனசு சரியில்ல, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காருங்க" என்று சொல்லுங்கள். சொல்லிப் பெற்ற அன்பு குறைந்த அன்பு என்று யாரும் சட்டம் போடவில்லை. வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள், முறைத்துப் பார்த்துவிட்டுப் போகாமல், "இந்த வேலை நாலு மணிக்குள்ள முடியணும், தாமதம் ஆனதுல எனக்குக் கோபம்" என்று சொல்லிவிடுங்கள். கூட்டமும் மைக் சத்தமும் உள்ள இடத்தில், மற்ற நேரத்தில் அவர்களுக்குப் பிடிபடுவதையும் எதிர்பார்க்காதீர்கள். கார்த்திகைத் தீபத்தன்று திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் எந்த முகமும் அவர்களுக்குப் படிக்கக் கிடைக்காது. காவல் துறையைச் சேர்ந்தவர்கள் இங்கே இருந்தால் அவர்களிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். 'முழிக்கிற முழியே சரியில்லை' என்பது ஒருவரை நிறுத்தி வைக்கக் காரணமாகக் கூடாது. கண்ணைப் பார்க்காமல், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி, மிரட்டலை மிரட்டலென்று உணராமல் நிற்கிற ஒருவர், தான் அறிந்த முழு உண்மையையும் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

இப்போது கேள்வி நேரம். எழுந்து நின்று மைக்கில் கேட்பவர்கள் கேட்கலாம். அப்படிக் கேட்க விரும்பாதவர்களுக்காக வாசல் பக்கத்து மேசையில் துண்டுச் சீட்டும் பென்சிலும் வைத்திருக்கிறோம். பெயர் எழுத வேண்டாம். எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமலேயே போய் உட்காரலாம். எல்லாச் சீட்டுகளுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் நான் பஸ் ஏறுவேன்.